குறைந்த விலைப் பவுலிங் விளையாட்டுகள்: ஏன் ஈர்க்கின்றன, ஏன் ஒரே வாரத்தில் சலிக்கின்றன?

1 · முகிலன்

அனைவருக்கும் வணக்கம்.

தடத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங்கை வைத்துக் குறைந்த விலையில் வெளியாகும் வீடியோ விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாகத் தேடி வாங்கி ஆடி வருகிறேன். பெருஞ்செலவில் உருவாகும் விளையாட்டுகளை விட இவற்றின் மீதுதான் எனக்குப் பற்று அதிகம். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை முதல் மாலையில் தருகிற மகிழ்ச்சியை ஏழாம் நாள் தருவதில்லை. அதற்கான காரணத்தை நண்பர்களோடு சேர்ந்து ஆராய வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முன்கூட்டியே ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் பின் என்று சொல்வதை இங்கே கட்டை என்று எழுதுகிறேன். "பின்" என்று எழுதினால் தமிழில் வேறு பொருளும் தொனித்து, வாசிப்பவர் ஒவ்வொரு வரியிலும் தடுமாற நேரிடும்.

சிறிய நிறுவனங்கள் பவுலிங்கைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. கால்பந்து விளையாட்டு ஒன்றை உருவாக்க 22 வீரர்களும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓட்டமும் சிந்தனையும் வேண்டும். பவுலிங்குக்கு ஒரு தடம், ஒரு பந்து, பத்துக் கட்டைகள் போதும். 1979இல் அட்டாரி 2600 கன்சோலுக்காக லாரி கப்லான் எழுதிய பவுலிங் விளையாட்டு முழுவதும் 2 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அந்தச் சிற்றளவுக்குள்ளேயே பந்து நேராகச் செல்லும் வகை, வளைந்து செல்லும் வகை, வீசிய பிறகும் நாமே திருப்பக்கூடிய வகை என மூன்று வகைகளை அவர் வைத்திருந்தார். பிற்காலத்தில் ஜப்பானில் விலையையே பெயராகக் கொண்டு வந்த சிம்பிள் 1500 வரிசையிலும் பவுலிங்குக்கு இடம் கிடைத்தது. குறைந்த முதலீட்டில் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய விளையாட்டு என்ற நம்பிக்கை அன்று முதல் இன்று வரை தொடர்கிறது.

அந்த நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். காட்சி மங்கலாக இருப்பதையோ ஒரே இசை திரும்பத் திரும்ப ஒலிப்பதையோ நான் குறையாகக் கொள்ளவில்லை. கொடுத்த விலைக்கு அவை பொருத்தமே. ஆனால், தடத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, ஒரு கோணத்தைத் தேர்ந்து, ஒரு முறை ஸ்ட்ரைக் (ஒரே வீச்சில் பத்துக் கட்டைகளையும் வீழ்த்துவது) அடித்துவிட்டால் அதன் பிறகு அதே இடம், அதே கோணம், அதே ஸ்ட்ரைக் என்றே ஆட்டம் போய்விடுகிறது. பன்னிரண்டு முறை அதையே செய்தால் 300 புள்ளிகள். மெய்யான தடத்தில் பலர் வாழ்நாள் முழுதும் முயன்றும் எட்டாத எண் அது. இங்கே மூன்றாம் நாளே அது கைக்கு வந்து, அன்றோடு விளையாட்டும் முடிந்துபோகிறது.

2 · கயல்

முகிலன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறை என்று சொல்வதையே நான் நிறை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வீடியோ விளையாட்டில் நாட்டமுள்ளவள் நான் ஒருத்திதான். மற்றவர்களை அருகில் உட்கார வைத்து ஆடவைக்க நான் எத்தனையோ விளையாட்டுகளை முயன்றிருக்கிறேன். பவுலிங் ஒன்றே வென்றது. எதிரி பாய்ந்து வருவதில்லை, விரைந்து பொத்தானை அழுத்த வேண்டிய கட்டாயமில்லை, ஒருவர் முடித்த பிறகு கன்ட்ரோலரை அடுத்தவரிடம் நீட்டினால் போதும். ஃபிரேம் எனப்படும் பத்துச் சுற்றுகளில் ஆட்டம் முடிந்துவிடும் என்பது தொடங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். கட்டைகள் சரியும் ஓசைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

2006இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்த வீ ஸ்போர்ட்ஸ் இதைத்தான் உலகுக்குக் காட்டியது. ஜப்பான் தவிர்த்த பெரும்பாலான சந்தைகளில் கன்சோலுடனேயே வந்த அந்தத் தொகுப்பு 8 கோடிக்கும் மேற்பட்ட படிகள் சென்று சேர்ந்தது. அதில் இருந்த ஐந்து விளையாட்டுகளுள் பவுலிங்தான் முதியோர் இல்லங்கள் வரை போனது. கையை வீசினால் பந்து உருண்டது. மணிக்கட்டைத் திருப்பினால் பந்து வளைந்தது. அந்த முதியவர்களிடம் போய், இந்த விளையாட்டு மெய்யான தடத்தைப் போல இல்லை என்று நாம் சொல்லத் தேவையில்லை. என் தாயார் ஸ்ட்ரைக் அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு முன்னால் இயற்பியல் நுணுக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

எளிமையாக இருப்பதால்தான் இவை பலரைச் சென்றடைகின்றன. அந்த எளிமையைக் குற்றமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

3 · இளவெயில்

நான் சிறிய விளையாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். முகிலன் சொன்ன "பத்துக் கட்டைகள் போதும்" என்ற கணக்கு எங்கே பொய்க்கிறது என்பதைத் தொழிலின் உள்ளிருந்து சொல்கிறேன்.

முன்னால் தனித்து நிற்கும் கட்டையை 1 என்று வைத்து, வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகக் கட்டைகளை எண்ணுவார்கள். வலக்கை ஆட்டக்காரரின் குறைபாடற்ற ஸ்ட்ரைக்கில் பந்து தானாகத் தொடுவது நான்கு கட்டைகளை மட்டுமே: 1, 3, 5, 9. மீதமுள்ள ஆறும் கட்டையால் கட்டை விழுவன. முதற்கட்டை இரண்டாவதை, இரண்டாவது நான்காவதை, நான்காவது ஏழாவதைத் தள்ளுகிறது. மூன்றாவது ஆறாவதையும், ஆறாவது பத்தாவதையும் வீழ்த்துகின்றன. ஐந்தாவது எட்டாவதைக் கொண்டுபோகிறது. ஆக, பவுலிங் என்பது பந்தின் விளையாட்டாகத் தோன்றினாலும், முடிவைத் தீர்மானிப்பது கட்டைகளுக்கிடையே நடக்கும் மோதல்தான். அதைச் சரியாகக் கணக்கிடாத விளையாட்டில் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை.

இப்போது வேகத்தைப் பாருங்கள். நன்கு வீசப்பட்ட பந்து மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும். திரையில் நொடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அந்தப் பந்து 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கட்டையின் மிகப் பருத்த பகுதியே 12 சென்டிமீட்டர்தான். ஒரு படத்துக்கு ஒரு முறை மட்டும் மோதலைச் சோதிக்கும் நிரல், மோதலை உணரும் வேளையில் பந்து கட்டைக்குள் ஆழப் புகுந்திருக்கும். எந்தப் புள்ளியில், எந்தக் கோணத்தில் தொட்டது என்ற செய்தி அதற்குள் தொலைந்திருக்கும். மலிவான விளையாட்டுகளில் கட்டைகள் திடீரெனக் கூரையை நோக்கிப் பறப்பதற்கும், நடுவில் பட்டும் நகராமல் நிற்பதற்கும் இதுவே பொதுவான காரணம். நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கணக்கிட்டால் பெருமளவு தீர்ந்துவிடும். இன்றைய கைப்பேசிகளுக்கு அது பெரிய சுமையே அன்று.

பிறகு கட்டையின் வடிவம். அடி குறுகி, வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கிய 38 சென்டிமீட்டர் உயர உருவம் அது. செலவைக் குறைப்பதற்காக அதை ஓர் உருளையாகவே இயந்திரத்திடம் சொல்லிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கட்டையாகத் தெரிவது கணக்கில் குழாயாக இருக்கும். குழாய் தள்ளாடாது. விழும், அல்லது நிற்கும். விழலாமா வேண்டாமா என்று கட்டை தள்ளாடும் அந்த ஒரு நொடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும் நொடி, அங்கே பிறக்கவே பிறக்காது.

இதற்கு வேண்டியது பெரும் பணமன்று. பல வாரங்கள் பொறுமையாக அமர்ந்து எண்களைத் திருத்துகிற ஒருவர். நான் பணியாற்றிய ஓரிடத்தில் பந்துகளுக்கு வண்ணம் தீட்ட இரண்டு மாதமும், கட்டைகளின் மோதலைச் சீராக்க ஒன்பது நாளும் ஒதுக்கப்பட்டன. அந்த ஒன்பது நாளில் என்னால் இயன்றதைச் செய்தேன், அது போதவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

4 · பழங்கன்சோல்

கைக்கும் திரைக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சேர்த்துக்கொள்வோம். 1988இல் ஆர்கேடுகளுக்கு வந்த கேப்காம் பவுலிங்கில் டிராக்பால் எனப்படும் உருளும் பந்து ஒன்றை உள்ளங்கையால் தள்ள வேண்டும். தள்ளும் வேகமே வீச்சின் வேகம், தள்ளும் திசையே பந்தின் திசை. உடலின் பிசகு அப்படியே தடத்தில் தெரிந்தது. கன்சோல்களுக்கு வந்தபோது அந்த உறவு அறுந்து, கோல்ஃப் விளையாட்டுகளில் நாம் காணும் மீட்டர் இங்கேயும் குடிபுகுந்தது: ஊசி மேலேறும்போது ஓர் அழுத்தம், இறங்கும்போது இன்னோர் அழுத்தம். மலிவு விலை விளையாட்டுகள் பெரும்பாலும் இன்றும் அந்த மீட்டரையே நம்பியிருக்கின்றன. அப்போது நாம் பழகுவது பவுலிங்கை அன்று, ஊசி நகரும் தாளத்தை.

வீ ஸ்போர்ட்ஸ் பற்றிக் கயல் எழுதியதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அதன் வெற்றிக்குப் பின் 2007, 2008ஆம் ஆண்டுகளில் அதே கன்சோலுக்கு வரிசையாக வந்த பவுலிங் விளையாட்டுகளையும் நினைவுகூர வேண்டும். பிரன்ஸ்விக் புரோ பவுலிங், ஏஎம்எஃப் பவுலிங் பின்பஸ்டர்ஸ் போன்றவை பெயர்பெற்ற பவுலிங் நிறுவனங்களின் பெயர் தாங்கி வந்தன. கன்சோலோடு இலவசமாகக் கிடைத்த ஒன்றை விட அவை கூடுதலாக என்ன தந்தன என்று கேட்டால், பந்துகளின் எண்ணிக்கையையும் தளங்களின் அலங்காரத்தையும்தான் சொல்ல முடிந்தது. கையின் அசைவை வாங்கிக்கொண்ட விதத்தில் அவை முன்னோடியை நெருங்கவில்லை என்பது என் கணிப்பு. அதே 2007இல் பிளேஸ்டேஷன் 3க்குத் தரவிறக்கமாக மட்டும் வந்த ஹை வெலாசிட்டி பவுலிங், சிறிய விளையாட்டாக இருந்தும், கன்ட்ரோலரை ஆட்டி வீசும் அசைவின் மீது கவனம் செலுத்தியது. செலவு குறைவாக இருந்தாலும் எதில் அக்கறை காட்டுவது என்று தேர்ந்தெடுக்க இயலும் என்பதற்கு அதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

5 · அகிலா

நான் வாரம் இருமுறை மெய்யான தடத்தில் ஆடுபவள். முகிலன் கேட்ட கேள்விக்கான விடை தடத்தின் மீது கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கிறது: எண்ணெய்.

வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். எஞ்சிய 20 அடி காய்ந்திருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கி, காய்ந்த இடத்தை அடைந்ததும் பிடிமானம் பெற்று வளைந்து, பிறகு உருண்டு செல்கிறது. வளைவு வெறும் அழகுக்காக அன்று. பந்து கட்டைகளுக்குள் நுழையும் கோணம் 6 டிகிரியை ஒட்டி இருந்தால் ஸ்ட்ரைக் வாய்ப்பு மிகும். தடத்தின் ஒரு மூலையிலிருந்து நேர்கோட்டில் வீசினால் அந்தக் கோணம் 2 டிகிரியைக் கூடத் தொடாது. தடம் அவ்வளவு ஒடுக்கமானது.

எண்ணெயைப் பற்றிப் பேசினாலே, அது தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு உரியது, புதியவர்களுக்கு வேண்டாத சுமை என்று விளையாட்டு உருவாக்குபவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. பொதுமக்கள் ஆடும் தடங்களில் நடுப்பகுதியில் எண்ணெயைத் தாராளமாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் பூசுவார்கள். பந்து வெளிப்பக்கமாக விலகிப்போனால், காய்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பி அனுப்பும். தவறி உள்பக்கமாக வந்துவிட்டால், அடர்ந்த எண்ணெய் அதை வளைய விடாமல் தாங்கிக்கொள்ளும். இரு பக்கமும் அணைத்து நடத்துவது போன்ற ஏற்பாடு அது. புதியவரிடம் தடம் காட்டும் கருணை என்றே அதை நான் சொல்வேன்.

ஆனால் அந்தக் கருணைக்கு ஓர் எல்லை உண்டு. பந்துகள் ஓட ஓட எண்ணெய் துடைக்கப்பட்டு, நகர்ந்து, முதல் ஃபிரேமில் நன்றாகப் போன வழி எட்டாம் ஃபிரேமில் கைவிடும். அப்போது நின்ற இடத்தை மாற்ற வேண்டும். போட்டிகளில் எண்ணெயின் நீளமும் மாறும். நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து வளையத் தொடங்க வேண்டிய பலகையின் (தடத்தின் அகலத்தில் அடுத்தடுத்துப் பதித்த நீளப் பலகைகளுள் ஒன்றின்) எண் தோராயமாகக் கிடைக்கும் என்று எங்களிடையே ஒரு கணக்கு உண்டு. 40 அடி என்றால் ஓரத்திலிருந்து ஒன்பதாம் பலகை.

நீங்கள் வாங்கிய விளையாட்டுகளில் ஒரே வீச்சு எப்போதும் ஸ்ட்ரைக் ஆவதற்குக் காரணம், அவற்றின் தடம் கண்ணாடியைப் போல ஒரே சீராகவும் என்றும் மாறாமலும் இருப்பதுதான். தடம் உயிரற்றுக் கிடந்தால் ஆட்டக்காரர் சிந்திப்பதற்கு எதுவும் இல்லை.

6 · கயல்

அகிலா அக்கா, எண்ணெய் புதியவர்களுக்குத் துணை என்பதை நான் இதுவரை அறிந்ததில்லை. நான் எளிமை என்று எதைப் பாராட்டினேனோ அதை வேறு வழியிலும் தர முடியும் என்பது இப்போது புரிகிறது. சிறுவர்களுக்காக ஓரப் பள்ளத்தில் தடுப்பு எழுப்புவதைத் தவிர வேறு உதவியை விளையாட்டுகளில் நான் கண்டதில்லை.

என் பங்குக்கு ஒரு குறையைச் சொல்கிறேன். வீச்சுக்கும் வீச்சுக்கும் இடையிலான காத்திருப்புதான் சேர்ந்து ஆடுபவர்களை விரட்டுகிறது. கட்டைகளை இயந்திரம் அள்ளும் காட்சி, வீரர் கைதட்டும் காட்சி, மறுகாட்சி. இவற்றைத் தவிர்க்கவும் வழி வைப்பதில்லை. ஒருவர் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 21 முறை வீசலாம். நால்வர் என்றால் 84 வீச்சுகள். ஒவ்வொன்றுக்கும் 8 நொடி வீணானால் 11 நிமிடங்கள் வெறும் காத்திருப்பிலேயே கழியும். 2022இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் இணையம் வழியே 16 பேர் ஒரே நேரத்தில் வீசி, புள்ளி குறைந்தவர்கள் சுற்றுச் சுற்றாக விலகுகிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எல்லா நிறுவனங்களாலும் அதைச் செய்ய முடியாது என்பது தெரியும். ஒரு பொத்தானை அழுத்தினால் மறுகாட்சி நிற்கும்படி செய்வது எல்லோராலும் இயலும்.

7 · நெடுமாறன்

சுருக்கமாக ஒன்று. புள்ளிக் கணக்கையே தவறாகப் போடும் விளையாட்டுகளை நான் கண்டிருக்கிறேன். ஸ்ட்ரைக்குக்குப் பத்துடன் அடுத்த இரு வீச்சுகளின் புள்ளி, ஸ்பேருக்கு (இரு வீச்சுகளில் பத்தையும் வீழ்த்துவது) பத்துடன் அடுத்த ஒரு வீச்சின் புள்ளி என்பது எளிய விதிதான். பத்தாம் ஃபிரேமில் கூடுதல் வீச்சு வரும் இடத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். பத்தாம் ஃபிரேமில் ஸ்பேர் எடுத்த எனக்குக் கூடுதல் வீச்சு தராமலே ஆட்டத்தை முடித்துவைத்த விளையாட்டு ஒன்றை அன்றே அழித்துவிட்டேன். மோதல் பிழையைப் பொறுத்துக்கொள்வேன். கூட்டல் பிழையைப் பொறுப்பது கடினம்.

8 · இளவெயில்

அகிலா அவர்களின் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடத்தின் அகலத்தில் 39 பலகைகள். நீளம் 60 அடி. பலகைக்கு ஓர் அடிக்கு ஓர் எண் வீதம் உராய்வைக் குறித்துவைத்தால் 2,340 எண்கள். எண்ணுக்கு ஒரு பைட் என்றாலும் இரண்டே கால் கிலோபைட்டைச் சற்றுத் தாண்டும். அட்டாரியின் மொத்த விளையாட்டை விட இது சற்றுப் பெரிது என்பது உண்மை. ஆனால் இன்றைய மலிவான விளையாட்டில் ஒரு பந்தின் மீது ஒட்டும் படத்துக்கே இதைப் போல நூறு மடங்குக்கு மேல் செலவாகிறது. பந்து கடந்துபோன கட்டங்களில் எண்ணைச் சிறிது மாற்றினால் எண்ணெய் தேய்வதும் வந்துவிடும்.

ஆகவே எண்ணெயை விடுவதற்குப் பணமின்மை காரணமன்று. அதைத் திரையில் காட்ட முடியாது, விளம்பரப் படத்தில் அது தெரியாது என்பதே காரணம். பேய் மாளிகையில் தடம், விண்வெளியில் தடம் என்று எழுதினால் அட்டையில் எடுபடும். ஒரே தடத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்று எழுத யாரும் துணிவதில்லை. அப்படி ஒருவர் எழுதினால் அன்றே வாங்கும் முதல் ஆளாக நான் இருப்பேன்.

9 · பழங்கன்சோல்

கைப்பேசிகளில் நிலைமை இன்னும் வேறு. அங்கே விலை குறைவு என்பது விலையே இல்லை என்றாகி, அதற்கு ஈடாகப் பந்தின் ஆற்றலையே விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பந்து கூடுதலாக வளைகிறது, கூடுதலாகத் தள்ளுகிறது. அப்படியிருக்க, கட்டை விழாததற்கு என் கை காரணமா, என் பந்து காரணமா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக ஆடும் பழைய மலிவு விளையாட்டை, அதன் எல்லாக் குறைகளோடும், நான் மேலாக மதிப்பது இதனால்தான்.

10 · முகிலன்

அனைவருக்கும் நன்றி. அகிலா, இளவெயில் இருவரின் விளக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு, என்னிடமுள்ள விளையாட்டுகளுள் இரண்டை நேற்று சோதித்தேன். இரண்டும் மீட்டர் வகை; இரண்டும் மலிவானவை. ஒரே இடத்தில் நின்று, ஒரே இலக்கை நோக்கி, என்னால் இயன்றவரை ஒரே விசையில் 20 முறை வீசினேன்.

முதல் விளையாட்டில் இருபதும் ஸ்ட்ரைக். ஊசி சற்றுத் தள்ளி நின்றுவிட்ட வீச்சுகளும் அதே வழியில் ஓடி, அதே ஒழுங்கில் கட்டைகளை வீழ்த்தின. என் விரலின் பிசகை அது தானாகவே திருத்திக்கொள்கிறது. ஐந்தாம் வீச்சிலிருந்து நான் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இரண்டாவது, காட்சியில் அதை விட மிகவும் எளியது. பார்வையாளர்கள் இல்லை, ஒரே தளம், ஒரே பந்து. அதில் 20க்கு 9 ஸ்ட்ரைக். ஏழு முறை ஒன்பது கட்டைகள் விழுந்து ஒன்று மிஞ்சியது. அந்த ஏழில் ஐந்து முறை மிஞ்சியது வலக்கோடியிலுள்ள பத்தாம் கட்டை. மறுகாட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஆறாம் கட்டை அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு ஓரப் பள்ளத்தில் போய் விழுந்திருந்தது. ஒரு வீச்சில் பத்தாம் கட்டை தள்ளாடி, நின்றுவிட்டது. இந்த விளையாட்டை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காட்சி எளிமையாக இருக்கிறதே என்று இரண்டு நாளில் ஒதுக்கிவைத்திருந்தேன்.

கயல் அவர்களுக்கு: அதில் மறுகாட்சியைத் தவிர்க்கப் பொத்தான் இருக்கிறது.

அகிலா அவர்களுக்கு ஒரு கேள்வி. பத்தாம் கட்டை மீண்டும் மீண்டும் நிற்பதைக் கண்டு, பந்து கட்டைகளுக்குள் நுழையும் கோணம் போதவில்லை என்று எண்ணி, இலக்கை மாற்றாமல் இரண்டு பலகை இடப்பக்கம் நகர்ந்து நின்று வீசினேன். அடுத்த ஆறு வீச்சுகளில் நான்கு ஸ்ட்ரைக் கிடைத்தது. ஆனால் மற்ற இரண்டில் பந்து முதற்கட்டையின் முகத்தில் நேராக மோதி ஸ்பிளிட் (இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்கும் கட்டைகள்) விட்டுவிட்டது. மெய்யான தடத்தில் இந்த நிலையில் நீங்கள் இன்னும் நகர்வீர்களா, அல்லது வேகத்தைக் கூட்டுவீர்களா?